இரண்டாவது கண்ணாடிக் கூடு

என் மாமா பாக்கியநாதன் நாற்காலியில் உட்காருவதற்கு முன் அதை ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார். ஆடவில்லை என்றால், ஏன் ஆடவில்லை என்று யோசிப்பார். அப்படி ஒரு பிறவி. அவரோடு முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய என் அக்கா வள்ளிக்கண்ணுவுக்கு ஸ்ரீரங்கத்தில் தனியாக ஒரு சன்னிதி கட்டலாம் என்பது என் அபிப்பிராயம்.

பார்த்த உத்தியோகம் அப்படி. திருச்சியில் பதினோரு வண்டி ஓட்டிய ஒரு தனியார் பஸ் கம்பெனியில் செக்கர். இப்போது கம்பெனியும் இல்லை, முதலாளியும் இல்லை, பெயர் எதற்கு? சத்திரம் பஸ் நிலையத்தில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறுவார். இல்லையென்றால் டோல்கேட் தாண்டி ஏதாவது மரத்தடியில் நின்று கை காட்டுவார். ஏறியதும் முதல் வேலை தலைகளை எண்ணுவது. தலையும் டிக்கெட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கண்டக்டர் செத்தான். மாட்டியவன் அங்கேயே, ஓடுகிற வண்டியிலேயே, தன் கைப்பட ஒரு வாக்குமூலம் எழுதித் தரவேண்டும். காகிதமும் பேனாவும் மாமாவே கொடுப்பார். அந்த விஷயத்தில் தாராளம்.

டிரைவரும் கண்டக்டரும் கூட்டு என்று சந்தேகம் வந்தால் அதற்கு அவரிடம் தனி வைத்தியம் இருந்தது. இருவரில் ஒருவனை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு ஒரு மாதம் சும்மா இருப்பார். "ரெண்டு பேரப் பிரிச்சு வை மாப்ள, எவன் கள்ளன்னு தன்னால தெரியும்" என்பார். பெரும்பாலும் தெரிந்தும் இருக்கிறது. இந்தப் பிரித்து வைக்கிற புத்திதான் பின்னால் அவர் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

நான் மூக்கன். அதே கம்பெனியில் கண்டக்டராக இருந்தவன். அக்கா புருஷனே செக்கர், உனக்கென்னப்பா என்று ஊரில் கேட்பார்கள். கேட்பவர்களுக்கு என்ன தெரியும்? அவரிடம் நான் இரண்டு தடவை மாட்டினேன். முதல் தடவை தப்பு என்னுடையது. கூடப் படித்தவன் ஒருவனை மண்ணச்சநல்லூர் வரை டிக்கெட் இல்லாமல் ஏற்றினேன். எழுதிக் கொடுத்தேன், திட்டு வாங்கினேன், தீர்ந்தது.

இரண்டாவது தடவை நடந்தது வேறு. துறையூர் வண்டி. மண்ணச்சநல்லூருக்கு டிக்கெட் வாங்கிய ஒரு பெரியவர் ஜன்னல் ஓரம் தூங்கிப் போய், ஊர் தாண்டியும் வந்துகொண்டிருந்தார். கூட்டத்தில் நான் கவனிக்கவில்லை. புலிவலத்துக்கு முன்னால் மாமா ஏறினார். குறைந்த தூரத்துக்கு டிக்கெட் கொடுத்துவிட்டு மிச்சத்தை நான் பையில் போட்டுக்கொண்டதாகக் கேஸ்.

"அவரு தூங்கிட்டாரு மாமா. சத்தியமா."

"டூட்டில மாமா கெடையாது. ஒருக்காப் பொய் சொன்னவன் வாயில நெசம் வராது. எழுது."

மூன்று மாதம் என்னை வண்டியில் ஏற்றவில்லை. அப்போது என் வீட்டுக்காரிக்கு எட்டாம் மாதம். ஒரு வருஷம் அக்கா வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. பிறகு போக்குவரத்து சரியாகிவிட்டது. ஆனால் அந்த "எழுது" தொண்டையில் மாட்டிய மீன் முள் மாதிரி இருபத்திரண்டு வருஷம் அங்கேயேதான் இருந்தது. பொய் சொல்ல விருப்பமில்லை, இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு மாமா அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். நூற்றாறு கிலோ. இரண்டு வருஷம் முன்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ரத்தக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். அவருடைய அப்பா ஐம்பத்திரண்டு வயதில் வயலில் வரப்பு மேலேயே போனவர். அதனால் அக்கா பயந்துதான் போனாள். வீட்டுக்கு வந்ததும் கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்தார்கள். தினமும் ராத்திரி ஒன்று.

ஒன்றரை மாதத்தில் மாமா தொடையைப் பிடித்துக்கொண்டு முனக ஆரம்பித்தார். பஸ் படி ஏற முடியவில்லை. கக்கூஸில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. முதலில் பார்த்த டாக்டர், வயசானால் வலிக்கத்தான் செய்யும் என்றார். அக்கா, நடக்கச் சொன்னதால் வலி வந்திருக்கிறது என்றாள். நான் மனசுக்குள், மாமா நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன்.

"நெசமாத்தான் மாப்ள வலிக்குது. யாரும் நம்ப மாட்டேங்கறாங்க" என்றார் ஒரு நாள், கண் கலங்கி.

அடப்பாவி, இப்போது தெரிகிறதா என்று எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம். அசிங்கமான சந்தோஷம்தான். ஆனாலும் இனித்தது.

நம்பியவர் ஒரே ஒருத்தர். தில்லைநகர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கும் ஷாஜியா டாக்டர். சின்ன வயசு, நாற்பதுக்குள். அந்த அம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, தசை பாதிக்கப்படுகிறது, அதற்கான அடையாளம் ரத்தத்திலேயே ஏறியிருக்கிறது என்றார். மாத்திரையை நிறுத்தினார், வலி போனது. வேறு ஸ்டாட்டின் கொடுத்தார், வலி வந்தது. மூன்றாவதாக ஒன்றை அளவு குறைத்துக் கொடுத்தார், அதற்கும் வந்தது. "சில பேருக்கு இது ஒத்துக்காதுங்க. உங்க மேல தப்பில்ல" என்றார்.

அதைக் கேட்டு ஒரு மனிதன் நிம்மதி அடையவேண்டுமா இல்லையா? மாமாவுக்குச் சந்தேகம் வந்தது. "அந்தம்மா ஏன் மாப்ள இவ்வளவு சீக்கிரம் நம்பிடுச்சு?" என்றார் வெளியே வந்து.

அதற்கு அடுத்த தடவைதான் டாக்டர் இரண்டு மருந்து எழுதினார். ஒன்று, தசையில் வேலை செய்யாத வேறு வகைக் கொழுப்பு மாத்திரை, தினமும் காலையில். இன்னொன்று, எடை குறைக்கும் ஊசி, வாரத்துக்கு ஒரு நாள் வயிற்றில் தானே போட்டுக்கொள்வது. பேனா மாதிரி இருக்கும். இரண்டும் சேர்ந்துதான் உங்களுக்குப் பாதுகாப்பு என்று பொறுமையாகச் சொன்னார். மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த ஆட்டல் தெரியும். கண்டக்டர் சொல்வதைக் கேட்கும்போதும் அப்படித்தான் ஆட்டுவார்.

"எடை கொறஞ்சாக் கொழுப்பு தானாக் கொறையாதா? அப்பறம் எதுக்கு மாத்திர? மேசையில பாத்தியா, மருந்துக் கம்பெனி பேரு போட்ட காலண்டரு" என்றார் பஸ்ஸில்.

"காலண்டர் எல்லா டாக்டர் மேசையிலயும்தான் மாமா இருக்கு."

"அதான் சொல்றேன்" என்றார். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஊசி வேலை செய்தது. முதல் மாதமே சாப்பாட்டுத் தட்டில் பாதி மிஞ்சியது. ஆறு தோசை சாப்பிட்டவர் இரண்டாவது தோசையை முறைத்துப் பார்த்தார். கொஞ்சம் குமட்டல் இருந்தது, பிறகு பழகிவிட்டது. ஆஸ்பத்திரித் தராசை நம்பாமல் சத்திரத்தில் ஒரு கடையில் இருக்கும் எடை மெஷினிலும் ஏறி நின்று ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்றையே சொன்னதும், இரண்டும் ஒரே கம்பெனியா என்று திருப்பிப் பார்த்தார். மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டு வருகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அக்கா தினமும் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்ப்பாள். ஒவ்வொரு நாளும் ஒரு குழி காலியாக இருக்கும்.

மூன்று மாதம் ஆனது. ரத்தம் கொடுத்துவிட்டு டாக்டரைப் பார்க்கும் நாள். அக்காவுக்கு முட்டி வலி, நான் உறையூரிலிருந்து வந்து கூடப் போனேன். அன்றைக்கு மாமா முகத்தில் ஒரு களை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. யாரையோ பிடிக்கப் போகிற நாளில் செக்கராக அவர் இப்படித்தான் வருவார்.

நர்ஸ் அக்னஸ் கூப்பிட்டார். "ஐயா, செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க. தொண்ணூத்தேழு! ஒம்பது கிலோ கொறஞ்சிருக்கீங்க. சூப்பர்ங்கய்யா."

மாமா மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்து உட்கார்ந்தார். ரிப்போர்ட் வந்தது. ரத்த அழுத்தம் பார்க்க அக்னஸ் மறுபடி கூப்பிட, "கண்ணாடிய எடுத்து வை மாப்ள, வந்து படிக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பையைத் திறந்தேன். உள்ளே இரண்டு கண்ணாடிக் கூடு இருந்தது. ஒன்று புதியது. இன்னொன்று பழைய இரும்புக் கூடு, அவர் செக்கராக இருந்தபோது வைத்திருந்தது. எது என்று தெரியாமல் பழையதை எடுத்தேன். கலகலவென்று சத்தம் கேட்டது. திறந்தால் உள்ளே முழுக்க வெள்ளை மாத்திரை. எண்பதுக்குக் குறையாது.

எனக்கு ஒரு நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. பாம்பின் கால் பாம்பறியும். அட்டையில் குழியைக் காலி செய்து வைத்தால் அக்கா கேட்கமாட்டாள். டிக்கெட் கணக்கு எழுதும் ஷீட்டைச் சரியாக வைத்துக்கொண்டு வண்டியில் வேறு கணக்கு ஓட்டும் கண்டக்டர் வேலை இது. எத்தனை பேரை இதற்காக இறக்கிவிட்ட மனுஷன்!

அவர் திரும்பி வந்தார். என் மடியில் கூடு திறந்திருப்பதைப் பார்த்தார்.

"பிரிச்சு வச்சுப் பாத்தீங்களாக்கும்?" என்றேன்.

அவர் வெட்கப்படவில்லை. குனிந்து மெதுவாகச் சொன்னார். "பத்து நாள் ரெண்டும் போட்டேன். அப்பறம் மாத்திரய நிறுத்திட்டேன். ஊசி மட்டும். எட கொறஞ்சிருச்சு, கொழுப்பும் கொறஞ்சிருக்கும். ரிப்போர்ட்டக் காட்டி, இதயும் மேசையில கொட்டி, உங்க மாத்திர சும்மா ஓசில வருதுனு சொல்லப் போறேன். படி, எவ்வளவு கொறஞ்சிருக்கு?"

நான் படித்தேன். ஊசிக்கு முன்னால் கெட்ட கொழுப்பு நூற்று எண்பத்திரண்டு. இப்போது நூற்று எழுபத்தொன்று. ஸ்டென்ட் வைத்தவருக்கு அது எழுபதுக்குக் கீழே இருக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னது எனக்கே மனப்பாடம்.

மாமா ரிப்போர்ட்டைப் பிடுங்கிப் பார்த்தார். கண்ணாடி போட்டும் பார்த்தார். பெயர் அவருடையதுதானா என்று பார்த்தார். வயசு சரியா என்று பார்த்தார். பிறகு காகிதத்தை மடித்து வைத்தார்.

"டிரைவர எறக்கி விட்டுட்டு வண்டி ஏன் போகலனு பாத்தீங்க" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"டாக்டர்ட்ட சொல்லிராத மாப்ள."

"ஏன்?"

"சொன்னா, தொட வலியும் பொய்யினு முடிவு கட்டிரும் அந்தம்மா. நான் அப்படித்தான் கட்டியிருப்பேன்."

உள்ளே கூப்பிட்டார்கள். ஷாஜியா டாக்டர் எடையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முகம் மாறியது. இரண்டு தடவை படித்தார், பழைய தாளோடு வைத்துப் பார்த்தார்.

"மாத்திர தினமும் போடறீங்கள்ல ஐயா?"

"போடறேன்."

"ஒரு நாள்கூட விடாம?"

"ம்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். "ஊசி எடையக் கொறைக்கும், சர்க்கரைய, பிரஷரக் கொறைக்கும். கெட்ட கொழுப்ப அது லேசாத்தான் கொறைக்கும். அதுக்குத்தான் மாத்திர. நல்லாக் கொறையும்னு எதிர்பாத்தேன். இது உங்களுக்கு வேலையே செய்யலைன்னு தெரியுது. இத நிறுத்திடலாம். உங்களுக்கு இருக்கற அடைப்புக்கு இப்படியே விட முடியாதுங்க. ரொம்பக் கம்மி அளவுல, வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும், ஸ்டாட்டினையே மறுபடி முயற்சி பண்ணிப் பாக்கலாமா?"

மாமாவின் கை தானாகத் தொடைக்குப் போனது. நான் அதைப் பார்த்தேன். படி ஏற முடியாமல் அம்மா மண்டபம் நிறுத்தத்தில் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றது ஞாபகம் வந்தது. பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் ஏறு என்று கத்தினார்கள். சும்மா இருந்தால் அந்த வலி திரும்பி வரும். ஒரு தடவைகூட ஒழுங்காகப் போட்டுப் பார்க்காத நல்ல மாத்திரை, குப்பைக்குப் போகும். உண்மையைச் சொன்னால் பொய்யன். மாட்டியவனுக்கு இரண்டு பக்கமும் வழி இல்லாத இடம் ஒன்று உண்டு. எனக்கு அந்த இடம் தெரியும், புலிவலத்துக்கு முன்னால் இருக்கிறது.

கூடு என் கையில்தான் இருந்தது. நான் வாய் திறந்தால் போதும். இருபத்திரண்டு வருஷக் கடன் ஒரு நொடியில் தீரும். சத்தியமாகச் சொல்கிறேன், நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை, நான் அன்றைக்கு அவரைப் பார்த்த பார்வை. எனக்கு மனசு கேட்கவில்லை. கூட்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"மாமா, உங்க கண்ணாடி" என்றேன்.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மூடியைத் திறந்து டாக்டர் மேசையில் வைத்தார். இரண்டு மாத்திரை உருண்டு காலண்டர் வரை போனது.

"போடலங்கம்மா. பத்து நாளுக்கப்பறம் போடல. ஊசியத் தனியா விட்டுப் பாத்தேன். தப்புத்தான். ஆனா தொட வலி நெசம். அது நெசம்ங்கம்மா. அதயும் இதயும் சேத்துடாதீங்க. ஒரு பேப்பர் குடுங்க, என் கைப்பட எழுதித் தரேன்."

டாக்டர் மாத்திரைகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கோபம் வந்தது, நன்றாகவே தெரிந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"மூணு மாசம் உங்க நெஞ்ச வச்சு வெளையாடியிருக்கீங்க. அடுத்த தடவ சந்தேகம் வந்தா என்ட்ட கேளுங்க, ஆயிரம் கேள்வி கேளுங்க. தொட வலி நெசம்தான், எனக்குத் தெரியும். மாத்திர போடாததும் நெசம். இது பொய்யினா அதுவும் பொய்யா என்ன?" என்றார். பிறகு, "பேப்பர்லாம் வேணாம் ஐயா. சொல்லிட்டீங்கள்ல. இன்னைலேர்ந்து ரெண்டும் போடுங்க. நீங்களா மாத்தி மாத்திப் பாக்காதீங்க. ஆறு வாரம் கழிச்சு ரத்தம் பாப்போம்."

அந்தப் பழைய மாத்திரைகளை அக்னஸ் வாங்கிக்கொண்டு போனார். இரும்புக் கூடு மட்டும் திரும்பி வந்தது.

சத்திரத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். நான் பக்கத்தில். அவர் தலை எண்ணவில்லை. எனக்குத் தெரிந்து ஒரு பஸ்ஸில் ஏறி அவர் தலை எண்ணாதது அதுதான் முதல் தடவை. காவிரிப் பாலத்தில் வண்டி ஏறியது.

"மாப்ள. அந்தப் புலிவலம் கேஸு."

"எந்தக் கேஸு?" என்றேன், மறந்தவன் போல.

"அந்தாளு தூங்கிட்டுத்தான் இருந்தாரு."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டிக்கெட் கேக்கறதுக்கு, நான்தான தோளத் தட்டி எழுப்புனேன்."

கத்தவேண்டும் போல இருந்தது. அழவேண்டும் போலவும் இருந்தது. தெரிந்தே செய்திருக்கிறார். பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்காரிக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் சத்திரத்தில் நாள் பூராவும் நான் உட்கார்ந்திருந்ததெல்லாம், இவருக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது. பஸ்ஸில் முப்பது பேர் இருந்தார்கள். நான் வெளியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மன்னிச்சுருன்னு கேட்டா நீ நம்ப மாட்ட" என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எழுதித் தரவா?"

விடுங்க மாமா, வயசாச்சு என்று சொல்லியிருக்கலாம். சொந்தம் அப்படித்தான் சொல்லும். அக்காவுக்காகவாவது சொல்லியிருக்கலாம்.

மடித்து வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்து, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தைத் திருப்பி, அவர் மடியில் வைத்தேன்.

"எழுதுங்க" என்றேன்.

இரும்புக் கூட்டைக் காகிதத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். வண்டி ஆடியதில் எழுத்து கோணல் மாணலாகத்தான் வந்தது. "பாக்கியநாதன் ஆகிய நான்" என்று தொடங்கியிருந்தார். மாம்பழச் சாலை வருவதற்குள் நாலு வரி முடிந்திருந்தது. அம்மா மண்டபத்தில் இறங்க எழுந்திருக்காமல், கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, காகிதத்தை என்னிடம் கொடுத்தார். அதற்குள் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது. எங்கள் டிக்கெட் அதுவரைக்கும்தான்.